ஒரு சிமிட்டி மூட்டை கனம்

கண்ணாடியை ஏத்தாதீங்க தம்பி. காத்துக்குச் சொல்லலை, பொறத்தால சத்தம் எனக்குக் கேக்கணும். ஆறு கன்னு நிக்குது. ஒண்ணு படுத்துச்சுன்னா மத்ததெல்லாம் மிதிச்சுப் போடும். ம், கேக்குது. இப்ப மூக்கால சீறுச்சு பாருங்க, அது சுட்டி. பேரெல்லாம் இல்லீங்க. நெத்தியில வெள்ளை இருக்கறதால சுட்டி. கொம்பு கோணலா மொளைச்சதால இன்னொண்ணு கோணையன். அதெல்லாம் அடையாளத்துக்குச் சொல்றது. கறிக்குப் போற கன்னுக்கு எவளாச்சும் பேரு வெப்பாளா?

பாலக்காடு வரைக்கும் நான் எதுக்குக் கூட வரேன்னா? வழியில தண்ணி காட்டணுமல்ல. நீங்க காட்டுவீங்கதான், இல்லைங்கலை. இருந்தாலும் நானும் வரேன்.

நீங்க தடத்தைப் பாத்து ஓட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வரேன். இன்னைக்குப் பேசாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். செயிச்சுட்டு வரேன் தம்பி. என் கொழுந்தன் மூஞ்சியில கரியைப் பூசிட்டு வரேன். எடை மேடையில நீங்க வண்டியை நிறுத்திப்போட்டு டீக்கடைக்குப் போயிட்டீங்க. இருந்து பாத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும் இந்தச் சம்பூர்ணம் ஆருன்னு.

மொதல்ல இந்தக் கன்னு கதையைச் சொல்றேன். எங்க பக்கம் ஊட்டுக்கு ரெண்டு ஜெர்சி மாடு கட்டிப் பாலு ஊத்தறாங்க. கெடேரி பொறந்தா நல்லது. காளைக்கன்னு பொறந்தா எழவு விழுந்த மாதிரி. அது குடிக்கற பாலு நட்டம்னு காம்புல வாயை வெக்கறதுக்குள்ள இழுத்துக் கட்டிருவாங்க. வடிச்ச கஞ்சியை ஊத்தி, வயிறு மட்டும் பானையாட்டம், முதுகுல எலும்பை எண்ணிக்கலாம். அப்பறம் ஒரு நாளைக்கு யாவாரி வருவான். ஊட்டுக்குப் பொறத்தால, பொடக்காலி வழியா, அக்கம்பக்கத்துக்குத் தெரியாம, புடிச்சுக் குடுத்துருவாங்க. எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். கேட்டா, ஆரோ வளக்கறதுக்குக் கொண்டு போறாங்கன்னு வாய் கூசாமச் சொல்லுவாங்க.

நான் அந்தக் கன்னுகளைத்தான் வாங்குனேன். வாங்கி, எங்க கொறங்காட்டுல மேய வுட்டு, சதை போட வெச்சு, உயிர் எடைக்குக் குடுக்கறேன்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டவங்ககிட்டக் கறிக்குத்தான்னேன். ஊரே வாயைப் பொத்துச்சு. நீங்களெல்லாம் பொடக்காலியில குடுக்கறதை நான் வாசல்ல வெச்சுக் குடுக்கறேன், அவ்வளவுதான்னேன். எங்கிட்ட இருக்கற வரைக்கும் அதுக வயிறார மேஞ்சுக்கிட்டு நிக்கும், உங்க கட்டுத்தரையில அது உண்டான்னு கேட்டேன்.

கொறங்காடு தெரியுமல்லங்க? உங்களுக்கு எந்த ஊரு? உடுமலைன்னா தெரியும், ஆனாப் பாத்திருக்க மாட்டீங்க. அது வெதைக்கற காடு இல்லை. மேச்சலுக்குன்னே வுட்ட காடு. சுத்தியும் கிளுவை வேலி, நடுவால வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப்புல்லு. மழை பேஞ்சா அதுபாட்டுக்கு வரும். எங்களது நாலு துண்டா வேலி போட்டுப் பிரிச்சது. ஒரு துண்டுல இருந்து அடுத்த துண்டுக்குப் போக வேலியில சந்து வுட்டு, ரெண்டு கல்லு நட்டு, குறுக்கால மூங்கிலைப் போட்டிருக்கும். அதைக் கடவும்போம். மூங்கிலை உருவுனா மாடு போகும், போட்டா நிக்கும்.

இந்தக் காடு எங்கூட்டுக்காரருக்கும் அவரு தம்பிக்கும் பொதுவு. பங்கு பிரிக்கலை. எங்கூட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. அப்பறம் என்ன, அவரு தம்பி பொண்டாட்டியோட பொறந்தவன் ஒருத்தன் இருக்கறான், அவன் வந்து உக்காந்துக்கிட்டான். சூரிய கரண்டு போடற கம்பெனிக்காரன் காடு கேக்கறான், ஒட்டுக்கா குடுத்தா குத்தகை வரும், வேலியை நோண்டி மரத்தை வெட்டிச் சமமாக்கிக் குடுத்தாப் போதும்னான். என் கொழுந்தன் என்ன சொல்லோணும்? எங்கப்பன் நட்ட வேலிடா, வெட்ட வுட மாட்டேன்னு சொல்லோணுமா இல்லையா? ஒரு வார்த்தை பேசலைங்க. தரையையே பாத்துட்டு நின்னான். நாச்சிமுத்துன்னு பேரு. வாயில முத்து இருக்குதோ என்னமோ, தொறந்தா கொட்டிப் போயிரும்னு மூடியே வெச்சிருக்கறான்.

அதுக்கு முன்னால அப்படி இல்லை. நங்கையா நங்கையான்னு பின்னாலயே சுத்துவான். நீங்க அண்ணிம்பீங்க, எங்க பக்கம் நங்கையா. இந்தக் கம்பெனிப் பேச்சு வந்ததுல இருந்து அந்தச் சொல்லு போச்சு. எதுக்கால வந்தா, இருமிட்டுப் போவான். நானும் வுட்டுட்டேன். எனக்கென்ன, கொழுந்தன் பேசலைன்னா சோறு எறங்காதா?

ஒறம்பரை எல்லாம் கூடுன ஒரு விசேசத்துலதான் பேச்சு முத்திப் போச்சு. என் கொழுந்தனோட மச்சினன், அதான் அந்தப் பொண்டாட்டி பொறந்தவன், எல்லாருக்கும் முன்னால கேட்டான், அந்தக் காட்டுல என்ன வெளையுது, அக்கா நாலு நோஞ்சான் கன்னை மேச்சுட்டு இருக்குதுன்னான். நான் எந்திரிச்சுட்டேன். நாலு இல்லைடா, ஆறு. பங்குனி முடியறதுக்குள்ள இந்த ஆறும் சேந்து ஒம்போது குவிண்டால் நிக்கும். நின்னா இந்தக் கம்பெனிப் பேச்சை எவனும் எடுக்கப்படாது. நிக்கலைன்னா நானே வந்து கையெழுத்துப் போட்டுத் தரேன்னேன். சொன்னது எங்க சுத்துப்பட்டுச் சனம் முன்னால. இனிப் பின்வாங்க முடியுமா? அந்தக் கன்னுக அப்ப இருந்த இருப்புக்கு எல்லாம் சேத்து அதுல பாதி இருந்தாப் பெருசு. என் கொழுந்தன் தலையைத் தூக்கி ஒரு பார்வை பாத்தான் தம்பி. கிறுக்கியைப் பாக்கற மாதிரி.

அப்பறம் மழை வந்துச்சு. புல்லு வந்துச்சு. நான் என்ன பண்ணுனேன், நாலாவது துண்டுலதான் நல்ல புல்லு, அதைத் தொடவே வுடலை. இடுப்பளவு வரட்டும், பூட்டைக் கதிரு வெடிச்சு வெதை கட்டட்டும், அப்பறம் தொறந்து வுட்டா வாரி வாரித் தின்னு சதை போடும்னு கணக்கு. மத்த மூணுலயும் மாத்தி மாத்தி மேய வுட்டேன். எல்லாம் மொட்டையாப் போச்சு. இருந்தாலும் நாலாவதைத் தொடலை. கடவுக்கு மூங்கிலைப் போட்டு, மேல கம்பியைச் சுத்தி வெச்சேன்.

ஒரு நாள் விடிகாலம் போய்ப் பாக்கறேன், கம்பியை அவுத்து, மூங்கிலை உருவிக் கீழ போட்டிருக்குது. ஆறு கன்னும் உள்ள நின்னு பச்சைப்புல்லைக் கடிச்சுட்டு இருக்குதுக. மொழங்கால் அளவுகூட வரலை அந்தப் புல்லு, எளம்புல்லு. கடவோரமா என் கொழுந்தன் செருப்புத் தடம் தெரியுது. இடது செருப்புல குதிகால் பக்கம் தேஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதா. நேரா அவங்கூட்டுக்கே போயிட்டேன். வாசல்ல நின்னு கத்துன கத்துல தெருவே கூடிருச்சு. என் கன்னு எளைக்கோணும்னுதானேடா வெதை கட்டாத புல்லைத் தின்ன வுட்டே, நீ நல்லா இருப்பியாடான்னு கேட்டேன். அவன் வாயைத் தொறக்கலை. மச்சினன்காரன் உள்ள இருந்து சிரிக்கறான்.

திருப்பி அடைக்கலாம்னு போனா, ஆறும் வர மாட்டேங்குது. சரி, போய்த் தொலையுதுன்னு வுட்டேன். ஆனாப் பாருங்க, என் கைராசி. அந்த மாசமே ஆறுக்கும் மசுரு மாறிருச்சு. சாம்பல் பூத்த மாதிரி இருந்தது பளபளன்னு ஆச்சு. பானை வயிறு வத்திப் பின்பக்கம் பொறந்தட்டையில சதை புடிச்சுது. அவன் கெடுக்கப் பாத்தான், எனக்கு நல்லதா முடிஞ்சுது. அதுக்கப்பறம் நானே வெதை கட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு துண்டாத் தொறந்து மாத்திட்டு வந்தேன். ஒண்ணைத் தின்னு முடிக்கறதுக்குள்ள மொதல் துண்டு தளுத்து வந்துரும். ஆரும் சொல்லிக் குடுக்கலை, நானாக் கண்டுபுடிச்சது.

என்ன தம்பி சிரிக்கறீங்க? ரோட்டுல நாய் கீய் ஓடுச்சா? சரி சரி.

அப்பறம் மாட்டாஸ்பத்திரியில இருந்து ஒருத்தரு ஒரு நாள் தானா வந்தாரு. குடல்புழு மருந்து கொண்டாந்து, ஆறுக்கும் வாயைத் தொறந்து ஊத்திட்டுப் போனாரு. நான் கூப்புடவே இல்லை. ஆருங்க சொன்னதுன்னு கேட்டா, வந்த வேலை முடிஞ்சுதும்மான்னு போயிட்டாரு. கவருமெண்டு இப்பெல்லாம் பரவால்லைங்க, ஊடு தேடி வராங்க.

மாசி மாசம் புல்லு காஞ்சு போச்சு. அப்பத்தான் எனக்கு வெசனம் வந்துது. காஞ்ச புல்லு வயித்தை ரொப்பும், சதை வைக்காது. மேல கொஞ்சம் புண்ணாக்கு வெச்சாத்தான் புடிச்ச சதை நிக்கும். வாங்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது? என் கொழுந்தனுக்குச் செக்குல இருந்து கடலைப்புண்ணாக்கு மூட்டை வரும், அவன் மாட்டுக்கு. அதை எறக்கறப்ப மூணு மூட்டையை என் கட்டுத்தரைச் செவுத்தோரமா வெச்சுட்டு மறந்து போயிட்டான். மறதிக்காரப் பய. நான் எடுத்துக் குடுப்பனா? கேக்கட்டும்னு இருந்தேன். கேக்கலை. போட்டுட்டேன் கன்னுக்கு. சாயந்தரம் காட்டுல இருந்து வந்ததும் ஊற வெச்ச புண்ணாக்கு, கொஞ்சம் உப்பு. மூட்டை தீந்தப்ப மறுபடியும் ரெண்டை மறந்து வெச்சுட்டுப் போனான். அவ்வளவு மறதி இருந்தாக் குடும்பம் எப்படி வெளங்கும், சொல்லுங்க.

இன்னைக்குக் காலையிலதான் எடை. எல்லாரும் வந்துட்டாங்க. மச்சினன்காரன் வெள்ளை வேட்டி கட்டிட்டு மாப்பிள்ளையாட்டம் வந்து நிக்கறான். நீங்க காலி வண்டியை முன்னாலயே எடை போட்டுக் காட்டிட்டீங்க, அப்பறம் எங்கூட்டுக்கு வந்து கன்னை ஏத்துனோம். மேடைக்கு வந்து வண்டியை நிறுத்திட்டு நீங்க போயிட்டீங்க. நான் பின்னால கன்னுகளோட நின்னேன். சுட்டி மெரளுது, நான் கழுத்தைத் தடவிட்டு இருந்தாத்தான் நிக்கும். தண்ணி ஒரு வாய் காட்டலை தம்பி. உப்பைத் தின்ன வெச்சுத் தண்ணியை ரொப்பிக் கூட்டியாந்தாங்கற பேச்சே வரப்படாதுன்னு வெறும் வயித்தோட ஏத்துனேன்.

அப்ப அவன் வரான். என் கொழுந்தன். எத்தனையோ மாசம் கழிச்சு வாயைத் தொறக்கறான். நங்கையா, எறங்கீருங்க, உங்க கனமும் சேந்துக்கும், நாளைக்கு ஒரு பேச்சு வரும்ங்கறான். எல்லாருக்கும் முன்னால. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. நான் கள்ள எடை போடறவளா? வீம்புக்குக் குதிச்சு எறங்கி, மேடையை வுட்டே தள்ளி வேப்பமரத்தடியில போய் நின்னுட்டேன். பாத்துக்கடான்னு.

கன்னு மெரளுது, நான் புடிச்சுக்கறேன்னு அவன் ஏறிட்டான், நான் நின்ன எடத்துலயே. வேடிக்கை பாக்கறதுக்கு அவனுக்கு நல்ல எடம் வேணுமாட்ட இருக்குது. மச்சினன்காரன் உள்பட எல்லாரும் எடை போடற ரூமுக்குள்ள போய் நெம்பரையே பாத்துட்டு இருக்கறாங்க. நான் மரத்தடியில இருந்து அவனைத்தான் பாத்துட்டு இருந்தேன். சுட்டி கழுத்தைத் தடவிட்டு நிக்கறான். என் கன்னை, கட்டுத்தரைக்குள்ள காலே வெக்காதவன். அதுவும் அவன் கையை நக்குது. வேத்தாள் தொட்டாலே தலையை ஆட்டற கன்னு, அவங்கிட்ட என்னமோ பழகுன மாதிரி நிக்குது.

உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. ஒம்போது குவிண்டாலுக்கு மேல இருவது கிலோன்னு. அந்த மச்சினன் மூஞ்சியைப் பாக்கோணுமே நீங்க. வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டுப் போனவன் திரும்பியே பாக்கலை. சனமெல்லாம் என்னையப் பாக்குது. என் கொழுந்தன் மெதுவா எறங்கி, கையைத் தொடைச்சுட்டு, எம்பக்கமே பாக்காம அவன் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். தோத்த மூஞ்சியைக் காட்ட முடியலை. ஆனாப் பாருங்க, அந்த மூஞ்சி தோத்தவன் மூஞ்சி மாதிரி இல்லை. அது என்னமோ எனக்குப் புடிபடலை.

என்ன கேட்டீங்க?

அவன் எத்தனை கனம் இருப்பான்னா? அவனுக்கு ஒடம்பு எங்க இருக்குது தம்பி. சின்னதுல இருந்தே நோஞ்சான். ஒரு சிமிட்டி மூட்டை கனம் இருப்பான், அதுக்கு மேல

இருங்க.

ஒரு சிமிட்டி மூட்டை.

என்னைய எறங்கச் சொன்னான். எல்லாருக்கும் முன்னால எறங்கச் சொன்னான். எறங்குனது எல்லாரு கண்ணுலயும் பட்டுது. அவன் ஏறுனதை எவன் பாத்தான்? பாத்தாலும் எவன் கேப்பான், அவன் என்னைய எதுத்து நிக்கறவனாச்சே.

அப்ப அந்தப் புண்ணாக்கு. அப்ப அந்தக் கடவு.

வண்டியை ஓரங்கட்டுங்க தம்பி. இல்லை, எனக்கு ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். இது கண்ணுல தூசி, அப்பவே கண்ணாடியை ஏத்தியிருக்கலாம், நான்தான் எறக்கி வெக்கச் சொன்னேன், சரி வுடுங்க.

என்னைய செயிக்க வுடறதுக்கு அவன் ஆரு? நான் கேட்டனா? நாலு பேரு முன்னால வாயைத் தொறந்து, இந்தக் காட்டை வெட்ட வுட மாட்டேன்னு ஒரு சொல்லு சொல்லுடான்னுதான் நான் கேட்டேன். அதைச் சொல்ல நாக்கு எந்திரிக்கலை. விடியறதுக்கு முன்னால வேலியில பூந்து கம்பியை அவுக்கத் தெரியுது. மூட்டையை மறந்து வெக்கத் தெரியுது. எடை மேடையில ஏறி நின்னு கன்னைத் தடவத் தெரியுது. பொடக்காலி வழியாக் கன்னைக் குடுக்கறவனுக்கும் இவனுக்கும் என்னங்க வித்தியாசம்? நல்லது பண்றதையும் பொடக்காலி வழியாத்தான் பண்ணுவானா?

திருப்புங்க வண்டியை.

ஆமா, எடை மேடைக்குத்தான். இப்பத்தானே ரெண்டு ஊரு தாண்டியிருக்கறோம். பாலக்காட்டுக்காரரு காத்திருந்தாக் காத்திருக்கட்டும், நான் பேசிக்கறேன். டீசல் என்னோடது. தெரியுது தம்பி, எனக்குக் கணக்குத் தெரியாதா. அவனோட அம்பது கிலோவைக் கழிச்சா ஒம்போதுக்கு முப்பது கிலோ கொறையுது. இத்தனை தூரம் வந்ததுல சாணி போட்டு மூத்திரம் பேஞ்சு இன்னும் எளைச்சிருக்கும். எளைக்கட்டும். அது என் எடையா இருக்கோணும். கொறைஞ்சுதுன்னா சொன்ன சொல்லுக்கு நானே போய்க் கையெழுத்துப் போடறேன். இரவல் கனத்துல நிக்கற வேலி எனக்கு வேண்டாம்.

அந்த மச்சினனையும் போன் போட்டு வரச் சொல்றேன். சனத்தையும் வரச் சொல்றேன். என் கொழுந்தன் வருவான், கன்னு மெரளும்னு சொன்னா வருவான். வந்து ஏறுவான் பாருங்க, சுட்டி கழுத்தைப் புடிச்சுக்கிட்டு. அப்பத்தான் நான் சொல்லுவேன், நாச்சிமுத்து, எறங்குன்னு. எல்லாருக்கும் முன்னால. அவன் எறங்கறானா, இல்லை காட்டை வெட்ட வுட மாட்டேன்னு வாயைத் தொறக்கறானா, ரெண்டுல ஒண்ணு இன்னைக்குப் பாத்துர்றேன்.

மெதுவாத் திருப்புங்க, சுட்டி வுழுந்துரும்.